ஆழமில்லாத பக்கம்

பம்ப்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் குளத்திலேயே வேலை பார்த்துத் தலை நரைத்த மனிதருக்கு இப்படி ஒரு பயம் இருப்பது தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். தண்ணீரின் நிறம், வாடை, சூடு எல்லாம் அவருக்கு அத்துப்படி. குளோரின் மருந்து ஒரு கரண்டி கூடினாலும் குளிக்கிறவர்களின் கண் எரிவதற்கு முன்னால் இவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் முழங்காலுக்கு மேல் அவர் நனைந்ததில்லை.

அவருடைய இடம் குளத்துக்கும் கீழே. ஆழமில்லாத பக்கத்துச் சுவரை ஒட்டிப் படியிறங்கினால் பம்ப் அறை. வெயில் காலத்தில் அடுப்படி தோற்றுவிடும். தலைக்கு மேலே கம்பி போட்ட ஒரு திறப்பு, அது வழியாகக் கரையில் நடக்கிறவர்களின் பாதங்கள் தெரியும், பேச்சு கேட்கும். பாதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். இத்தனை காலமும் அவர் பார்த்ததெல்லாம் நீச்சல் சங்கத்துக்காரர்களின், அதாவது ஊரின் வசதியானவர்களின் பாதங்கள்தான். வெடிப்பில்லாத, நகம் வெட்டிய, அவசரமில்லாத பாதங்கள்.

அரசாங்க நிலம், அரசாங்கம் கட்டிய குளம். ஆனால் குத்தகை என்ற பெயரில் சங்கத்துக்காரர்கள் மட்டும் நீந்தினார்கள். பம்ப்காரரின் மனைவி அங்கேயே உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொண்டாள். அவர்களின் ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சும்மா நிற்கிற பிள்ளையா அது? நின்ற இடத்திலேயே கையை வீசி நீந்துவாள். வாலு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. விளையாட்டு எல்லோருக்குமான உரிமை, அரசாங்கப் பணத்தில் கட்டிய மைதானமும் குளமும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று. வாசலில் நீல எழுத்தில் பெரிய போர்டு வைத்தார்கள். மத்தியான நேரம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கட்டணம் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரும் உண்டு. சங்கத்துக்காரர்கள் லேசில் விடுவார்களா? கண்டவர்களையும் உள்ளே விட்டால் யாராவது மூழ்கிச் சாவார்கள், அப்போது யார் பதில் சொல்வது என்று மேலிடம் வரைக்கும் போனார்கள். மேலிடமும் வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியது. இந்த வெயில் காலம் முழுக்கச் சோதனையாக நடக்கட்டும், ஒரே ஒரு விபத்து நடந்தாலும் குளம் பழையபடி சங்கத்துக்குப் போய்விடும் என்று முடிவானது.

பம்ப்காரருக்கு மட்டும் வேறொரு கவலை இருந்தது.

விஷயம் இதுதான். குளத்துத் தண்ணீரைப் பம்ப் இழுத்து, மணல் தொட்டியில் வடிகட்டி, திரும்பக் குளத்துக்கே அனுப்பும். இழுக்கிற வாய் இரண்டு. ஆழப்பக்கத்துத் தரையில் இருந்த வாய் எப்போதோ அடைத்துப்போனது. மிச்சமிருந்தது ஆழமில்லாத பக்கத்துச் சுவரில், பெரியவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கிற வாய். முழு இழுவையும் அதில்தான். அதன்மேல் ஒரு பித்தளைச் சல்லடை மூடி உண்டு. திறப்பு விழாவுக்குப் பெயின்ட் அடிப்பதற்காகக் குளத்தை வற்றவிட்டபோது அவர்தான் அந்த மூடியைக் கழற்றிக் கழுவினார். திருகாணிகள் தேய்ந்து உதிர்ந்தன. புதுசு வாங்கித் தரச் சொல்லி, பெயின்ட் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரியிடம் கேட்டார். திறப்பு விழாவுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். சரி, தற்காலிகமாக இருக்கட்டும் என்று செம்புக் கம்பியால் மூடியை இழுத்துக் கட்டினார் பம்ப்காரர். மறுநாள் வந்து பார்த்தால், விழா அவசரத்தில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். மூடி தண்ணீருக்கடியில் போய்விட்டது.

இறங்கிக் குனிந்தால் இடுப்பளவு தண்ணீர்தான். தலையை ஒரு தடவை உள்ளே விட்டால் முடிந்துபோகிற வேலை. அவரால் முடியவில்லை. கம்பி ஏணியில் கால் வைப்பார், தண்ணீர் தொடையைத் தொட்டதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், ஏறிவிடுவார். டீச்சரிடம் சொல்லலாம். சொன்னால் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி காதுக்குப் போகும், அதிகாரி காதுக்குப் போனால் சங்கத்தின் காதுக்கும் போகும். திறந்த குளத்தை இவர் வாயாலேயே மூடின மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பம்ப் வால்வைப் பாதி மூடி இழுவையைக் குறைத்துவிட்டார்.

இழுவை குறைந்தால் வடிகட்டுவதும் குறையும். ஒரு வாரத்தில் தண்ணீர் கலங்கி, அரிசி களைந்த தண்ணீர் போல் ஆனது. அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வாலு வாய் ஓயாமல் பேசினாள்.

"அப்பா, இன்னிக்கு நான் மூச்சுப் பிடிச்சு உள்ள உட்கார்ந்தேன். டீச்சர் விசில் ஊதுற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. டீச்சரே பயந்துட்டாங்க!"

"எந்தப் பக்கம் உட்கார்ந்த?"

"ஆழம் இல்லாத பக்கம்தான். ஆழத்துக்கு எங்க விடறாங்க?"

"சுவர் பக்கமா?"

"ஆமா. அங்கதானே பிடிச்சுக்கக் கம்பி இருக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நாளைக்கு நீ போக வேண்டாம். சளி பிடிச்சிருக்கு."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லப்பா!"

"பிடிக்கும். சொன்னாக் கேளு."

மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "பிள்ளையை ஏங்க பயமுறுத்துறீங்க? உங்களுக்குத் தண்ணின்னா நடுக்கம்னா அதை அவ தலையில ஏத்தணுமா? எத்தனை வருஷம் வேலிக்கு வெளியே நின்னுச்சு. இன்னிக்குத்தான் உள்ள போகுது."

"நான் வேணாம்னா சொன்னேன்? கொஞ்ச நாள் போகட்டும்ங்கறேன்."

"கொஞ்ச நாள் போனா வெயில் காலமும் போயிடும், குளமும் போயிடும். அவங்க கதவைப் பூட்டத்தானே காத்துக்கிட்டிருக்காங்க?" அவள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "என்ன, உடம்புக்கு முடியலையா? ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வெக்கை தாங்கல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் அதிகாரி வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. இந்தத் திட்டம் ஜெயித்தால் பெயர் அவருக்கு, தோற்றால் பழியும் அவருக்கு. அந்தக் கவலையில் எப்போதும் வேர்த்துக்கொண்டிருப்பார். குளத்தை எட்டிப் பார்த்தவர் பம்ப் அறைக்கே இறங்கி வந்துவிட்டார்.

"என்னய்யா தண்ணி இது? தரையே தெரியல! சங்கத்துக்காரங்க போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. பராமரிக்கத் துப்பில்லைன்னு எழுதுவாங்க. பம்ப் ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார். கூட்டம் ஜாஸ்தி, அதான்..."

"வால்வ் ஏன் பாதியில நிக்குது?"

பம்ப்காரர் மோட்டாரைக் காட்டினார். "மோட்டார் சூடாகுது சார்."

"சூடானா நான் பாத்துக்கறேன். முழுசாத் திற. சாயங்காலத்துக்குள்ள தண்ணி கண்ணாடியா இருக்கணும்."

"சார், பிள்ளைங்க வெளியே போனதுக்கு அப்புறம் திறக்கறேன்."

"இப்பத் திறய்யா!"

அவர் திறக்கவில்லை. அதிகாரியே சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். பம்ப் ஒரு தடவை செருமிவிட்டு முழு மூச்சோடு ஓட ஆரம்பித்தது. அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

பம்ப்காரர் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அதிகாரி மறுபடி வந்து ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் குளம் போய்விடும். சொல்லாவிட்டால்... அதற்கு மேல் அவர் மனம் போக மறுத்தது. கை சுவிட்ச்மேலேயே இருந்தது. மேலே திறப்பு வழியாகப் பாதங்கள் வர ஆரம்பித்தன. வெடித்த குதிகால்கள், செருப்புத் தடம் பதிந்த கால்கள், பிளாஸ்டிக் கொலுசு போட்ட சின்னக் கால்கள்.

"உரிமைன்னு போர்டு வச்சிட்டாங்க, கக்கூஸுக்கு மட்டும் பூட்டுப் போட்டுட்டாங்க. அதுவும் உரிமையில வராதா டீச்சர்?" தையல்கார அக்காவின் குரல். சிரிப்புச் சத்தம் எழுந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, இடுப்பு வலிக்குத் தண்ணீர் நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்தவள். வருகிற பெண்கள் யாரிடமும் நீச்சல் உடை கிடையாது. இருந்தாலும் அந்த இறுக்கத்தில் கரையில் நடக்கக் கூச்சம். அதனால் மிச்சத் துணிகளைச் சேர்த்து எல்லோருக்கும் தொளதொளவென்று சட்டையும் கால்சட்டையும் தைத்தது தையல்கார அக்காதான். இடுப்பில் கட்டிக்கொள்ள நீளமாக நாடா வேறு. வாலுவின் சட்டை மஞ்சள் நிறம். அம்மா கொடுத்த துணி அது, தலையணை உறை.

அந்த மஞ்சள் சட்டைக்காரி திறப்பில் குனிந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா! சளி இல்லப்பா, பாருங்க!" மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு ஓடினாள்.

"வாலு! சுவர் பக்கம் போகாதே!"

பம்ப் இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது.

பம்பின் சத்தம் அவருக்கு வீட்டு மனிதர்களின் பேச்சு மாதிரி. எப்போது திருப்தியாக இருக்கிறது, எப்போது முனகுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு அவர் அதை மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சரின் விசில், பிள்ளைகளின் கூச்சல், தண்ணீர் தளும்பிக் கரையில் விழுகிற சத்தம். கொஞ்சம் தைரியம் வந்தது. கம்பி தாங்கும், செம்புக் கம்பிதானே, சும்மா பயந்து சாகிறோம் என்று நினைத்தார்.

அப்போது பம்ப் விக்கியது.

ஒரே ஒரு விக்கல். அடுத்த நொடி இரைச்சல் மெலிந்து, உச்சத்தில் ஒரு கீச்சலாக ஏறியது. வாயில் எதுவோ அடைத்திருக்கிறது. அவர் யோசிக்கவில்லை, சுவிட்சைத் தட்டினார். எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில்தான் மேலே தையல்கார அக்கா அலறுவது கேட்டது.

படிகளில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து மேலே போனார். சுவரோரம் தண்ணீரில் டீச்சரும் தையல்கார அக்காவும் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். கலங்கல் தண்ணீரில் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது. அவர் வாயிலிருந்து வந்தது பேச்சே இல்லை. பிறகு சட்டென்று பிடி விட்டது. டீச்சர் பிள்ளையைத் தூக்கிக் கரையில் போட்டுப் புரட்டினாள். வாலு தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், அழுதாள். பிள்ளை அழுகிற சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது. அவள் பிறந்தபோது அவர் ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தார்.

மனைவி ஓடிவந்து பிள்ளையை மடியில் வாரிக்கொண்டாள். டீச்சர் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, மஞ்சள் நாடாவின் அறுந்த துண்டை எடுத்தாள். எண்ணெயும் பாசியுமாய் இருந்தது.

"நாடாவை உள்ள இழுத்திருக்கு. அதோட சட்டையும்..."

தையல்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் தச்ச நாடா! பாவி, நான் தச்ச நாடாதான்! ஒரு சாண் குறைச்சு வச்சிருக்கக் கூடாதா? அழகாத் தொங்கட்டும்னு நீளமா வச்சேனே! அண்ணி, நான் உன் பிள்ளையைக் கொல்லப் பாத்தேனே!"

அதிகாரி ஓடிவந்தார். பிள்ளைக்கு உயிர் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"உடைதான் காரணம். நல்லாக் கேட்டுக்குங்க, இது குளத்தோட தப்பு இல்ல. இதை விபத்துன்னு எழுத வேண்டிய அவசியமும் இல்ல. இனிமே முறையான நீச்சல் உடை போட்டவங்க மட்டும்தான் இறங்கலாம். மத்தவங்க வேடிக்கை பார்க்கலாம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த உடை வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? வாங்க முடிந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு யார் வருவது? ஒருத்தி மெதுவாகத் தன் சட்டையின் ஈரத்தைப் பிழிய ஆரம்பித்தாள். தையல்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

பம்ப்காரருக்குத் தப்பிக்க இதைவிட நல்ல வழி வாய்க்காது. வேலையும் தப்பும், குளமும் தப்பும், மகளும் பிழைத்துவிட்டாள். ராத்திரி எல்லோரும் போனபிறகு யார் கையையாவது காலையாவது பிடித்து மூடியைச் சரிசெய்துவிடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தையல்கார அக்கா அவரைத் தாண்டிப் போகும்போது, "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்று அவர் காலைத் தொடப் போனாள்.

அவர் பின்னால் நகர்ந்தார். "நாடா இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "நாடா மேல தப்பு இல்ல. மூடி. அங்க சல்லடை மூடி இருக்கணும். திருகாணி இல்லாம கம்பியில கட்டினது நான். பிய்ச்சுக்கிட்டு வந்திருக்கும்."

அதிகாரி பல்லைக் கடித்தார். "யோவ், என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் சார் பேசறேன். மேஸ்திரிகிட்ட கேட்டேன், தரல. அப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா குளத்தை மூடிடுவீங்கன்னு சொல்லல."

"இப்ப மட்டும் மூட மாட்டேனா? இதை நான் எழுதித்தான் ஆகணும். உன் வேலையும் போச்சு, குளமும் போச்சு. எல்லாரும் வெளிய வாங்கம்மா!"

மனைவி அவரைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் அவள் அழுதது ஒரே ஒரு கணம்தான். பிள்ளையைத் துண்டில் சுற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உடைமாற்றும் அறைக்குப் போனாள். கரையில் நின்றிருந்த தையல்கார அக்கா ஏணிப் பக்கம் திரும்பினாள். அப்புறம் திரும்பத் தண்ணீரில் இறங்கினாள்.

"நான் வெளிய வரல. வெளிய வந்தா பூட்டுப் போடுவீங்க. ஏய், யாரும் ஏறாதீங்கடி!"

"அம்மா, அது ஆபத்து!"

"பம்ப் நின்னுடுச்சே சார், இப்ப என்ன ஆபத்து? மூடியைச் சரி பண்ணுங்க. பண்ணுற வரைக்கும் இங்கயே இருக்கோம். தண்ணிக்குள்ள இருக்கறவளை வச்சு எப்படிப் பூட்டுவீங்கன்னு பாக்கறேன்."

ஏறியவர்களும் இறங்கினார்கள். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி வாசல் பக்கம் போனார்.

மனைவி திரும்பி வந்தாள். கையில் கதவுத் தாழ்ப்பாளின் பித்தளைத் திருகாணிகள், திருப்புளி. "இது சேருமா பாருங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். சேர்ந்தது. இத்தனை நாளும் அவள் வேலை பார்க்கிற அறைக் கதவிலேயே இருந்திருக்கிறது. வாயைத் திறந்து அவளிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பாள்.

"கொடுங்க, நான் இறங்கறேன்" என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். நான் கட்டினது." அவர் ஏணியில் கால் வைத்தார். தொடை நனைந்தது. இந்தத் தடவை ஏறவில்லை. மனைவியிடம் திரும்பி, "நீ போய் சுவிட்ச் முன்னாடி நில்லு. யார் வந்தாலும் தொட விடாதே. நான் சொன்னாத்தான் போடணும்" என்றார். அவள் பம்ப் அறைக்கு இறங்கிப் போனாள்.

இடுப்பளவு தண்ணீரில் அவர் கிடுகிடுவென்று நடுங்கினார். தையல்கார அக்கா பின்னாலிருந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முங்குங்கண்ணே. இழுத்துப் போட நான் இருக்கேன். என் இடுப்புக்குத்தான் பலம் இல்ல, கைக்கு இருக்கு." கண்ணை மூடித் தலையை உள்ளே விட்டார். காதில் தண்ணீர் இடித்தது. மூச்சு முட்டி எழுந்தார், மறுபடி முங்கினார். விரலால் துழாவி மூடியைக் கண்டுபிடித்து, ஓட்டையோடு ஓட்டை பொருத்தித் திருகினார். ஒவ்வொரு திருகாணிக்கும் பல முறை எழுந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கடைசித் திருகாணி இறுகியபோது அவர் மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்றார். பெண்கள் விலகினார்கள். தன் சட்டையைக் கழற்றி, அதன் கையை மூடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, திறப்பைப் பார்த்துக் கத்தினார். "போடு!"

பம்ப் ஓடியது. சட்டைக்கை மூடியோடு ஒட்டியது. இழுத்தார். வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி இழுத்தார். கீழேயிருந்து மனைவி, "போதுமா?" என்று கேட்டாள். "இன்னொரு தடவை பாத்துக்கறேன்" என்றார். அவள் இன்னொரு தடவையும் கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னார்.

வாசல் பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் ஆழமில்லாத பக்கத்திலேயே எதிர்ச்சுவரோடு ஒண்டி நின்றார்கள். பூட்டுக்குப் பயப்படாதவர்கள் இந்தச் சுவருக்குப் பயந்தார்கள். யாரும் நடுக்குளத்துக்குக்கூட வரவில்லை. இப்படியே நின்றால் பூட்டவே வேண்டாம், நாளைக்கு யாரும் வர மாட்டார்கள்.

அவர் கரையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். கையை நீட்டினார். "வாம்மா. இனிமே ஒண்ணும் பண்ணாது. அப்பா பிடிச்சுக்கறேன்."

வாலு எழுந்து விளிம்புக்கு வந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. நீட்டிய கையையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"அது கழண்டுடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"தெரியும்."

"நான் இறங்கினப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் அழவில்லை. துண்டைக் கீழே போட்டுவிட்டு, கரையோரமாகவே நடந்து எதிர்ப்பக்க ஏணிக்குப் போனாள். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் உடம்பு ஒரு தடவை உதறிப்போட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீச்சரின் கையை விட்டுவிட்டு, அவர் நின்ற பக்கம் பார்க்காமல் நடுக்குளத்துக்குக் கையை வீசினாள். அவளைப் பார்த்துத் தையல்கார அக்கா சுவரை விட்டாள். அப்புறம் இன்னொருத்தி.

பம்ப்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். திரும்பி, மூடியின்மேல் தன் காலை அழுத்தி வைத்துக்கொண்டு, கடைசிப் பெண் கரையேறும் வரைக்கும் அந்தச் சுவரை விட்டு நகராமல் நின்றார்.